சிரிப்புக்கும் சித்திரத்துக்கும் யார் கூலி தருவது?

பொங்கல் நாள் காலையில் கைப்பேசியைத் திறந்தால் இரு வகைப் படங்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றில் வடிவேலுவின் முகம். அதன் மேலே அன்றைய கரும்புக் கட்டின் விலையைப் பற்றியோ, ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காத அவதியைப் பற்றியோ ஒரு கேலி வரி. மற்றொன்றில் செம்மண் நிறப் பின்னணியில் வெண்கோடுகளால் வரைந்த சிறு மனிதர்கள். முக்கோண உடலும் குச்சிக் கைகால்களுமாகப் பொங்கல் பானையைச் சுற்றி ஆடுவார்கள். முதலாவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டாவதை அழகு என்கிறோம். இரண்டையும் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம்.

இரண்டிலும் படைத்தவர் பெயர் இருப்பதில்லை. அந்த வெண்கோட்டு மனிதர்கள் மகாராஷ்டிர மாநிலத்தின் வார்லிப் பழங்குடியினர் தங்கள் வீட்டுச் சுவர்களில் அரிசி மாவைக் கரைத்து வரைந்தவர்கள் என்பது அனுப்புவோரில் பலருக்குத் தெரியாது. வடிவேலுவின் முகத்துக்கு மேலே இருக்கும் அந்த வரியை எழுதிய இளைஞர் யார் என்பதும் தெரியாது. இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் நகைச்சுவைத் துணுக்குகளும் நாட்டார் கலையின் சாயல்களும் இன்று கோடிக்கணக்கானோரின் அன்றாடப் பண்டங்கள். விலையில்லாப் பண்டம் என்று நாம் கருதும் ஒன்றுக்கு எங்கோ எவரோ செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார். அதிலிருந்து எங்கோ எவரோ வருவாயும் ஈட்டிக்கொண்டிருக்கிறார். செலவிடுபவரும் வருவாய் பெறுபவரும் ஒருவரேதானா என்பதே இங்கு ஆராய வேண்டியது.

சுத்தியலின் பயணம்

2019 மே மாத இறுதியில் நடந்ததை நினைவுகூரலாம். முகநூல் பக்கமொன்று ஒரு சுத்தியலின் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையில் இது விழுந்து அவர் காயமுற்ற செய்தியையும் சேர்த்துச் சொன்னார். நேசமணி, 2001-இல் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம். விவரம் அறியாத வெளிநாட்டவர் உண்மையென்று எண்ணி நலம் விசாரிக்க, விவரம் அறிந்தவர்கள் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார்கள். ஓரிரு நாளில் ட்விட்டரில் உலக அளவில் பேசப்படும் தலைப்புகளின் வரிசைக்கு நேசமணி வந்துவிட்டார். புதிய மத்திய அரசு பதவியேற்கும் வேளை அது. அந்தப் பரபரப்புக்கு நடுவிலும் மக்கள் நேசமணிக்காகக் கவலைப்பட்டுச் சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்பின் ஊற்று எங்கே இருந்தது? தமிழ்ப் படம் 1999-இல் வந்த மலையாளப் படத்தின் மறு ஆக்கம். இரண்டையும் இயக்கியவர் சித்திக். ஆனால் சுத்தியல் விழுந்ததும் அந்த முகத்தில் தோன்றும் வலியும் திகைப்பும் அதிகாரம் பறிபோன அவமானமும் வடிவேலுவுக்கே உரியவை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதை எடுத்து வேறோர் இடத்தில் பொருத்திய சமயோசிதம் பெயரறியா இளைஞர்களுடையது. ஆக, ஒரு துணுக்குக்குள் இயக்குநர், நடிகர், மீம் உருவாக்கியவர், பகிர்ந்தவர் எனப் பலருடைய உழைப்பு அடுக்கடுக்காக இருக்கிறது. அந்த நாள்களில் மக்கள் செலவிட்ட நேரத்தையும் கவனத்தையும் விளம்பர வருவாயாக மாற்றும் வாய்ப்பு மட்டும் சமூக ஊடக நிறுவனங்களிடமே இருந்தது.

‘மீம்’ என்ற சொல்லை உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் உருவாக்கினார். மரபணு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் போவதைப் போல ஒரு கருத்தோ, மெட்டோ, பழக்கமோ ஒரு மனத்திலிருந்து மற்றொரு மனத்துக்குத் தொற்றிச் செல்கிறது என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அந்த வரையறையின்படி பார்த்தால் மாக்கோலமும் மீம்தான், பழமொழியும் மீம்தான். பார்த்து, மனத்தில் வாங்கி, சிறிது மாற்றி, அடுத்தவருக்குக் கொடுப்பது என்பதே நாட்டார் கலையின் இலக்கணம். கைப்பேசி அந்த இலக்கணத்தை மாற்றவில்லை. வேகத்தைத்தான் கூட்டியது.

காளிகாட் சொல்லும் பாடம்

நகைச்சுவையும் நாட்டார் ஓவியமும் ஒரே தாளில் சந்தித்த காலம் ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில் காளிகாட் கோயிலைச் சுற்றிக் கடை பரப்பியிருந்த ‘பட்டுவா’ என்னும் ஓவியர்கள், வங்கக் கிராமங்களில் நீண்ட சுருள்களில் கதை வரைந்து, பாடிக் காட்டிப் பிழைத்த மரபினர். நகரத்துக்கு வந்தபின் யாத்திரிகருக்கு நின்று கதை கேட்க நேரமில்லை என்பதை உணர்ந்தார்கள். ஆலைத் தாளில், சில தூரிகை வீச்சுகளில், ஒரே காட்சியை வரைந்து சொற்ப விலைக்கு விற்றார்கள். காளியும் கிருஷ்ணனும் மட்டும் அதில் இடம்பெறவில்லை. பகட்டு உடையணிந்த நகரத்துப் ‘பாபு’வும் வந்தார். நெற்றியில் வைணவச் சின்னமும் வாயில் இறாலுமாக ஒரு பூனை வந்தது. வெளியே துறவு, உள்ளே ஆசை என்னும் வேடதாரிகளைக் குத்திக் காட்டிய பூனை அது.

1873-இல் தாரகேஸ்வரம் கோயிலின் மகந்து ஒருவர் தொடர்புடைய கொலை வழக்கு வங்கத்தை உலுக்கியது. அந்த வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் பட்டுவாக்கள் படமாக வரைந்து விற்றார்கள். சிறையில் மகந்து உழைக்கும் காட்சியும் விற்பனைக்கு வந்தது. செய்தி, விமர்சனம், கேலி மூன்றும் ஒரே தாளில்! இன்று ஒரு தீர்ப்பு வந்த மறுநிமிடம் நம் கைப்பேசிக்கு வரும் மீமுக்கும் அந்தத் தாளுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

அந்தக் கலை எப்படி மடிந்தது என்பதுதான் நமக்கான பாடம். காளிகாட் படங்கள் விரும்பப்படாமல் போனதால் அந்த ஓவியர்கள் வீழ்ந்துவிடவில்லை. நன்றாக விரும்பப்பட்டதால்தான் அச்சகங்கள் அவற்றின்மீது கண்வைத்தன. அதே உருவங்கள் ஜெர்மனிவரை சென்று, பளபளப்பான வண்ண அச்சுப் படங்களாக, கையால் வரைந்ததைவிட மலிவாகத் திரும்பி வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதி முடிவதற்குள் காளிகாட் தெரு ஓவியர்கள் தொழிலை இழந்திருந்தார்கள். உருவங்களோ சாகவில்லை. ஜாமினி ராய் போன்ற பெரும் ஓவியர் அந்தக் கோடுகளின் வலிமையிலிருந்து நவீன ஓவியத்துக்கு ஒரு மொழியைக் கண்டடைந்தார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காளிகாட் படங்களின் பெருந்தொகுப்பு பாதுகாப்பாக இருக்கிறது. படம் பிழைத்தது, வரைந்தவர் பிழைக்கவில்லை.

தமிழகத்திலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. தென்மாவட்டங்களின் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரு கோமாளிகள் வருவார்கள். இராமாயணக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் நடப்பையும் அன்றைய சினிமாவையும் இழுத்துப் பேசிச் சிரிக்க வைப்பது அவர்கள் வேலை. தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கும் அந்த உரிமை உண்டு. ராஜாவின் முன்னால் நின்றுகொண்டே ராஜாவைக் கேலி செய்வான். வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனிகளிலும் பயின்று வந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், காலட்சேப மரபையே பகடியாக்கிக் ‘கிந்தனார்’ கதையைச் சொன்னார். கூத்துமேடைக் கோமாளியிடமிருந்து திரைக்கு வந்த சிரிப்பு இன்று கைப்பேசிக்குள் செழிக்கிறது. பாவைகளை ஆட்டும் குடும்பங்களோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன.

பெயர் பெற்ற சுவர்கள்

நாட்டார் கலை என்றாலே பெயரற்றது, அனைவருக்கும் பொதுவானது, ஆகவே எவருக்கும் கடன்படாதது என்றொரு எண்ணம் படித்தவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறு என்பதற்கு மதுபனி ஓவியத்தின் வரலாறு சான்று. பிகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுச் சுவர்களில், குறிப்பாக மணமக்களின் அறையில், வரைந்து வந்த ஓவியம் அது. 1934 நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்து வீடுகளின் உட்புறம் வெளியே தெரிந்தபோதுதான் ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ.ஜி.ஆர்ச்சர் அதைக் கண்டார். 1966-67-இல் பிகாரைக் கடும் வறட்சி வாட்டியது. அப்போது அகில இந்தியக் கைவினை வாரியம், அந்தப் பெண்களுக்கு வருவாய் கிடைக்கும்பொருட்டு, சுவரில் வரைவதைத் தாளில் வரையுமாறு ஊக்குவித்தது. புபுல் ஜெயகர் முன்கையெடுக்க, ஓவியர் பாஸ்கர் குல்கர்னி ஊர் ஊராகச் சென்றார்.

தாள் வந்தது, தாளில் கையெழுத்திடும் இடமும் வந்தது. ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி என்று பெயர்கள் வெளிப்பட்டன. ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுவரில் இருந்தவரை ‘ஊர் வழக்கம்’ என்று கருதப்பட்டது, கையெழுத்து விழுந்ததும் ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு, தனி நிறம், தனிக் கற்பனை என்று தெரியவந்தது. வார்லியிலும் அப்படித்தான். ஜிவ்யா சோமா மாஷே என்னும் ஒருவர் 1970-களில் திருமணச் சடங்குக்கு வெளியேயும் நாள்தோறும் வரையத் தொடங்கியதால்தான் அந்தக் கலை உலகக் காட்சிக்கூடங்களுக்குச் சென்றது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியத்தை போபால் பாரத் பவன்வழி உலகறியச் செய்த ஜன்கட் சிங் ஷியாமின் பாணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெயரற்றிருப்பது நாட்டார் கலையின் இயல்பு என்று நாம் நம்பியது, நாம் பெயர் கேட்காததன் விளைவு.

இந்த மரபுகள் பழமையில் உறைந்தவை என்பதும் சரியன்று. வங்காளத்தின் பிங்லா வட்டாரத்தில் உள்ள நயா கிராமத்துப் பட்டுவாக்கள், பெரும்பாலும் இசுலாமியர்கள், இராமாயணத்தை வரைந்து பாடுகிறார்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலையும், ஆழிப்பேரலையையும், ‘டைட்டானிக்’ திரைப்படக் கதையையும் அதே சுருளில் வரைந்து பாடியிருக்கிறார்கள். 2020 பெருந்தொற்றின்போது மதுபனி ஓவியர்கள் முகக்கவசம் அணிந்த மணமக்களை வரைந்தார்கள். வெகுசனப் பண்பாட்டை நாட்டார் கலைஞர்களும் எடுத்தாள்கிறார்கள். பரிமாற்றம் இரு திசைகளிலும் நடக்கிறது. வருவாய்தான் ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது.

சட்டம் எவருக்குக் குடை?

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளரிடமோ அவரிடமிருந்து வாங்கியவரிடமோ இருக்கும். நிகழ்த்துநர்களின் உரிமைகள் 2012 திருத்தத்தில் வலுப்பெற்றன. விமர்சனம், செய்தி, தனிப்பட்ட பயன்பாடு ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதற்கு இடமுண்டு. பகடி என்ற சொல்லைச் சட்டம் தனியே குறிப்பிடவில்லை. நடிகர்கள் தங்கள் பெயர், உருவம், குரல், அடையாள வசனம் ஆகியவற்றை மற்றவர் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க நீதிமன்றங்களை அணுகி வெற்றியும் பெறுகிறார்கள். 2023-இல் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் அத்தகைய பாதுகாப்பை வழங்கியது. 2024-இல் ஜாக்கி ஷ்ராஃப் வழக்கில் அதே நீதிமன்றம் பாதுகாப்பு வழங்கியபோதும், ஒரு யூடியூபரின் கேலிக் காணொளியை உடனே முடக்க மறுத்தது. இத்தகைய படைப்புகளை நம்பிப் பிழைக்கும் இளைஞர்களின் வாழ்வாதாரத்தையும் கருத்தில்கொள்ள வேண்டும் என்ற அதன் அணுகுமுறை போற்றத்தக்கது.

ஒரு நட்சத்திரத்தின் ஒற்றைச் சொல்லுக்குச் சட்டக் குடை இருக்கிறது. ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகச் சுவரில் வளர்த்த உருவத்துக்கு? பதிப்புரிமைச் சட்டம் ஒரு படைப்பாளியையும் ஒரு படைப்பையும் ஒரு தேதியையும் கேட்கும். மரபுக்கு இவற்றில் எதுவும் இல்லை. தனியோர் ஓவியரின் தனியோர் ஓவியத்தை அப்படியே நகலெடுத்தால் வழக்குத் தொடரலாம். பாணியை எடுத்துக்கொண்டால் முடியாது. ஓவியம் மறுவிற்பனையாகும்போது விலையில் ஒரு பங்கை ஓவியருக்குத் தர 1994 திருத்தத்திலேயே வழி செய்யப்பட்டது. ஆனால் அது பெயர் தெரிந்த ஓவியருக்கும், விற்பனை தெரிந்த ஓவியத்துக்குமான வழி. சந்தையில் நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டு ஊர் திரும்பும் பெண்ணுக்கு அது எட்டாது.

அடுத்தது புவிசார் குறியீடு. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. தஞ்சாவூர் ஓவியம், கருப்பூர் கலம்காரி, மதுபனி, வார்லி, வங்காளப் பட்டச்சித்திரம் எனப் பலவும் இக்குறியீட்டைப் பெற்றுள்ளன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இது காப்பது பெயரை, உருவத்தை அன்று. வார்லி அல்லாத ஒன்றை ‘வார்லி ஓவியம்’ என்று விற்பது குற்றம். வார்லி மனிதர்களை அப்படியே தேநீர்க் கோப்பையில் அச்சிட்டு, ‘பழங்குடி வடிவமைப்பு’ என்று பெயரிட்டு விற்பவரை இச்சட்டத்தால் தடுப்பது கடினம். பெயரைச் சொல்பவர் மாட்டிக்கொள்வார்; பெயரை மறைப்பவர் தப்பிப்பார் என்பது விந்தையான நீதி.

2025 ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பு இதை ஊரறியச் செய்தது. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்பை அச்சாக ஒத்த காலணிகள், வெறும் தோல் காலணிகளாக மேடையேறின. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் எதிர்ப்புக் கிளம்பியபின்தான் அவற்றுக்கு இந்தியக் கைவினை மரபே தூண்டுதல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. மும்பை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு தள்ளுபடியானது. குறியீட்டின் பதிவு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தவர்கள் அல்லர் என்பது முக்கியக் காரணம். சட்டத்தால் கிடைக்காதது மக்களின் குரலால் ஓரளவு கிடைத்தது. ஆண்டு இறுதியில் அவ்விரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களுடன் சேர்ந்து, அங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டே காலணி தயாரிக்க நிறுவனம் முன்வந்தது. அந்த எதிர்ப்பில் பெரும்பங்கு சமூக ஊடகங்களில் வலம்வந்த கேலிப் படங்களுக்கு உண்டு. கலையின் உடைமையைச் சிரிப்பு மீட்டுத் தந்த அரிய தருணம் அது.

தேய்வது எது?

பொருளியல் வகுப்புகளில் பொதுப் பண்டத்துக்குக் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஒரு கப்பல் அந்த ஒளியைப் பயன்படுத்துவதால் அடுத்த கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. மீமும் கோலமும் அத்தகையவை. நான் பகிர்ந்ததால் உங்களுக்குக் குறையாது. எனவே பகிர்தலுக்கு விலை வைப்பது பொருளியல் நோக்கிலும் தவறு. பண்பாட்டு நோக்கிலும் தவறு. மேய்ச்சல் நிலம் பொதுவாக இருந்தால் ஆளாளுக்கு மாடுகளை ஓட்டிவந்து அதை அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதியது புகழ்பெற்றது. பொதுநிலத்தை மக்கள் தமக்குள் விதி வகுத்துக் காப்பாற்றவும் முடியும் என்று களச் சான்றுகளோடு நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பொருளோ மேய்ச்சல் நிலத்திலிருந்தும் மாறுபட்டது. எத்தனை பேர் மேய்ந்தாலும் இந்தப் புல் குறையாது.

ஆனால் கலங்கரை விளக்கத்துக்குள் ஒருவர் விளக்கேற்றிக்கொண்டிருக்க வேண்டும். உருவம் எண்ணற்ற முறை பகிரப்பட்டாலும் தேய்வதில்லை. அதை வரையும் கை தேய்கிறது. அடுத்த தலைமுறை அந்தத் தூரிகையை எடுக்க மறுக்கும்போது, பாவைக்கூத்துக்காரரின் மகன் வேறு வேலைக்குப் போகும்போது, பொதுச்சொத்தின் ஊற்றுக்கண் அடைபடுகிறது. அவர் வேறு வேலைக்குப் போவது அவர் உரிமை. அவரைக் கலைக்காக வறுமையில் இருக்கச் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. அந்தக் கலையில் நீடிக்க விரும்புபவருக்கு நீடிக்க வழியிருக்கிறதா என்பதே கேள்வி.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கேள்வியை அவசரமாக்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் உலகமே தன் குடும்பப் படங்களை ஜப்பானின் கிப்லி திரைப்படங்களின் சாயலில் மாற்றி மகிழ்ந்தது. ஹயாவோ மியாசாகியும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் கையால் வரைந்து உருவாக்கிய பாணி, சில நொடிகளில் எவர் கைக்கும் வந்தது. பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. கிப்லிக்காவது உலகறிந்த பெயர் உண்டு. ‘இது அவர்களுடையது’ என்று எல்லோருக்கும் தெரியும். அதே கருவியிடம் மதுபனி பாணியில் என்றோ, நாட்டுப்புறப் பாணியில் என்றோ கேட்டால் அதுவும் வரும். வாழ்த்து அட்டைக்கும் நாள்காட்டிக்கும் திருமண அழைப்பிதழுக்கும் ஓர் ஓவியருக்குத் தந்துவந்த சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படும். காளிகாட் தெருவுக்கு ஜெர்மன் அச்சுப் படம் வந்து இறங்கிய அதே நிகழ்வு இது. அன்று அச்சகத்துக்காவது கப்பலும் காலமும் தேவைப்பட்டன.

என்ன செய்யலாம்?

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். கலை என்றாலே கடன் வாங்குவதுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் உரிமை கோரினால் புதிதாக எதுவும் பிறக்காது என்பது முதல் மறுப்பு. அதை முழுமையாக ஏற்கிறேன். உரிமைச் சட்டங்களை இறுக்கினால் ஆதாயம் அடைவது பெரும்பாலும் வழக்கறிஞர் வைத்திருக்கும் நிறுவனங்களே. மீம் போடும் இளைஞருக்கு அறிவிக்கை வரும். கோண்டு ஓவியருக்குக் காசோலை வராது. ‘சமூகம்’ என்றால் யார், அதன் பெயரில் பணத்தைப் பெறுபவர் யார் என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் நியாயமானது. ஆகவே தனிமனிதப் பகிர்வை எவ்விதக் கட்டுப்பாடும் இன்றி விட்டுவிட வேண்டும். வணிகப் பயன்பாட்டில் மட்டும் பங்கு கேட்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினர் களைப்பு நீங்க உண்ணும் ஆரோக்கியப் பச்சை என்ற தாவரத்தைப் பற்றித் திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தினர் அவர்களிடமிருந்து அறிந்தார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து 1990-களில் உருவானது. தயாரிப்பு உரிமத்துக்குக் கிடைத்த தொகையிலும் உரிமைப்பங்கிலும் சரிபாதி, காணி மக்கள் அமைத்த அறக்கட்டளைக்குப் போக ஏற்பாடாயிற்று. நடைமுறையில் அது பல சிக்கல்களைச் சந்தித்தது உண்மை. ஆயினும் ‘யாருக்கு என்று கொடுப்பது’ என்ற கேள்விக்கு ஒரு விடை சாத்தியம் என்று காட்டியது. பின்னர் 2002-இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டம், மரபறிவைப் பயன்படுத்துவோர் பலனைப் பகிர வேண்டும் என்ற கொள்கையையே சட்டமாக்கியது. ஒரு பச்சிலையைப் பற்றிய அறிவுக்குப் பங்கு உண்டென்றால், ஒரு கோட்டைப் பற்றிய அறிவுக்கு ஏன் இல்லை? உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் 2000-இலிருந்தே இதற்கென ஒரு குழு பேசிவருகிறது. மரபணு வளங்களையும் அவற்றோடு சேர்ந்த மரபறிவையும் பற்றி 2024-இல் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கான உடன்படிக்கை இன்னும் கைகூடவில்லை. அதற்காகக் காத்திராமல் நாம் தொடங்கலாம்.

முதலாவதாக, அரசே முன்மாதிரியாக வேண்டும். ரயில் நிலையச் சுவரிலும் மேம்பாலத் தூணிலும் அரசு நாள்காட்டியிலும் நாட்டார் பாணி ஓவியங்கள் இன்று பெருகிவருகின்றன. ஒப்பந்தம் எடுப்பவர் எவராயினும், அந்த மரபைச் சேர்ந்த ஓவியர்களைக் கொண்டே வரைய வேண்டும், ஓவியத்தின் ஓரத்தில் அவர்கள் பெயரும் ஊரும் இடம்பெற வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். புதிய சட்டம் தேவையில்லை. மிதிலையில் 1960-களில் நடந்தது இதுவே: அரசு தாளைக் கொடுத்தது, படத்தை வாங்கியது, பெயரைக் கேட்டது.

இரண்டாவதாக, புவிசார் குறியீட்டுப் பதிவைப் பெற்றதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. பல பதிவுகள் சான்றிதழாகச் சுவரில் தொங்குகின்றன. பதிவு உரிமையாளர்கள் நிறுவனங்களோடு பேசி, வடிவமைப்பைப் பயன்படுத்தக் கட்டணம் பெற்று, அதைக் கைவினைஞர்களின் நிதியில் சேர்க்கும் அலுவலகமாகச் செயல்பட வேண்டும். கோலாப்பூர் செருப்பு விவகாரத்தின் முடிவு, பேசினால் பலன் உண்டென்று காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. உதவித்தொகை வழங்குவதோடு, கூத்தையும் பாவையையும் ஓவியத்தையும் பயன்படுத்தும் விளம்பர நிறுவனங்களுக்கும் கலைஞர்களுக்கும் இடையே பாலமாகவும் அது இயங்கலாம்.

மூன்றாவதாக, ஒரு மரபின் பெயரைச் சொல்லிப் படம் உருவாக்கித் தந்து கட்டணம் பெறும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள், அந்த மரபின் கலைஞர்களுக்கான நிதிக்குப் பங்களிக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு ஆராய வேண்டும். பயிற்சிக்கு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவது கடினம். பயனர் எந்த மரபின் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்பதை எண்ணுவது எளிது. அந்தக் கணக்கு அவர்களிடமே இருக்கிறது.

நான்காவது நம்மிடம் இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு வெண்கோட்டு மனிதர்கள் ஆடும் வாழ்த்துப் படத்தை அனுப்பும்போது, ‘வார்லி ஓவியம்’ என்று ஒரு சொல் சேர்த்து அனுப்பலாம். வரைந்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். மீம் ஒன்று மனத்தைத் தொட்டால், அதை உருவாக்கியவரின் முத்திரையை வெட்டி எறியாமல் அனுப்பலாம். கல்யாணப் பத்திரிகைக்குப் படம் தேவைப்பட்டால், கருவியிடம் கேட்கும் முன் ஓர் ஓவியரிடம் விலை கேட்டுப் பார்க்கலாம். பல வேளைகளில் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே அவர் சொல்வார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.